வெயிலுக்கும் நடுக்கத்துக்கும் ஒரே வீடு

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள். மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் மாவட்டத்திலுள்ள கில்லாரி என்னும் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், முந்திய நாள் விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டுத் திரும்பிய மக்கள் அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தார்கள். அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பாக நிலம் நடுங்கியது. அதன் அளவு 6.2. உலகம் கண்ட பெரும் நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரமானதே. ஆனாலும் ஏறக்குறைய 10,000 பேர் உயிரிழந்தார்கள்.

ஏன் இத்தனை பேர் என்று ஆராய்ந்தவர்கள் விரல் நீட்டியது அந்த ஊர்களின் வீடுகளை நோக்கித்தான். கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிய தடித்த சுவர்கள். மரச்சட்டங்களின்மீது கனமாக மண்ணைக் கொட்டிய கூரைகள். தக்காணத்து வெயிலைத் தாங்க முன்னோர் கண்டுபிடித்த வழி அது. பகல் முழுவதும் எரிக்கும் வெயில் அந்தக் கூரையைத் தாண்டி உள்ளே வராது. இன்றைய மொழியில் சொன்னால் அவை 'பசுமை வீடுகள்': உள்ளூர்க் கல், உள்ளூர் மண், மின்சாரச் செலவில்லாத குளிர்ச்சி. தலைமுறை தலைமுறையாக அந்த மக்களை வெயிலிலிருந்து காத்த அதே கூரை, சில நொடிகளில் அவர்கள்மேல் விழுந்து அவர்களை மூடியது.

இந்தப் பழைய துயரத்தை இன்று நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் இனி வெறும் கோடைகாலத் தொல்லை அல்ல, உயிரைப் பறிக்கும் பேரிடர் என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. குளிர்கூரை, சூரிய மின்தகடு, மாடித்தோட்டம், பசுமைக் கட்டடம் ஆகிய சொற்கள் நகராட்சி அலுவலகங்களிலிருந்து நம் பங்குப் பேரவைக் கூட்டங்கள் வரை ஒலிக்கின்றன. நல்லது, வரவேற்போம். ஆனால் வெயிலை மட்டும் பார்த்துக் கட்டிய வீடு என்ன ஆகும் என்பதைக் கில்லாரி நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அதையும் சேர்த்துச் சிந்திப்பது நம் கடமை.

ஒரு கண்ணை மூடிய விதிகள்

கில்லாரியில் வெயிலைப் பார்த்தவர்கள் நிலநடுக்கத்தைப் பார்க்கவில்லை. இதன் மறுபக்கமும் நமக்குத் தெரிந்ததே.

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். கீற்றுக்கூரை அந்தத் தீயை வளர்த்தது. உடனே பள்ளிகளில் கீற்றுக்கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. அது சரியான உத்தரவு. ஆனால் கீற்று இருந்த பல இடங்களில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் ஏறின. தீயிலிருந்து காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் ஏப்ரல் மாத வெக்கையில் அந்தத் தகரங்களின் கீழ் அமர்ந்து தேர்வு எழுதினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி கடற்கரைகளில் நம் மறைமாவட்டங்களின் சமூகப்பணி மையங்கள் உட்பட எத்தனையோ நிறுவனங்கள் மீனவ மக்களுக்கு வீடுகள் கட்டித் தந்தன. புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் தாங்குகின்ற காங்கிரீட் வீடுகள் அவை. அந்த உழைப்பையும் அன்பையும் நாம் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பல இடங்களில் மனையைச் சமப்படுத்தியபோது பூவரசும் வேம்பும் தென்னையும் வெட்டப்பட்டன. தாழ்வாரமோ திண்ணையோ இல்லாத, தட்டைக் கூரை போட்ட, வரிசை வரிசையான வீடுகள் எழுந்தன. பகலில் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை உள்ளே இறக்கியது. மக்கள் என்ன செய்தார்கள்? புது வீட்டின் முன்னே கீற்றுப் பந்தல் போட்டு அதன் கீழ் படுத்தார்கள்.

கில்லாரி, கும்பகோணம், கடற்கரை ஆகிய மூன்றும் சொல்வது ஒரே செய்திதான். ஒரு ஆபத்தை மட்டும் பார்த்து எழுதுகிற விதி இன்னொரு ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. மனிதர் ஒரே வீட்டில்தான் வாழ்கிறார்கள். மே மாத வெயிலும், ஐப்பசி மழையும், கார்த்திகைப் புயலும், என்றோ ஒருநாள் வரக்கூடிய நடுக்கமும் அதே வீட்டைத்தான் தட்டப்போகின்றன.

நமக்கு வராது என்பவர்களுக்கு

"நிலநடுக்கமா? அது குஜராத்திலும் நேபாளத்திலும் வருவது. நம் ஊரில் எங்கே?" என்று பலர் கேட்கக்கூடும். கில்லாரி மக்களும் அப்படித்தான் இருந்தார்கள். 1993-இல் அந்தப் பகுதி இந்திய நிலநடுக்க வரைபடத்தில் முதலாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைந்தது என்று கருதப்பட்ட இடத்தில், இருந்தது. 2002-இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதலாம் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

நம் மண்ணுக்கும் நினைவுகள் உண்டு. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டு, தென்னிந்தியாவின் பல பகுதிகளில் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் உண்டான நடுக்கத்தில் சென்னை மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இமயமலையடியில் வருவதுபோன்ற பேரதிர்ச்சி நமக்கு வரும் என்று யாரும் பயமுறுத்தவில்லை. ஆனால் நடுத்தர நடுக்கத்திலேயே சாயக்கூடிய வீடுகளை நாம் கட்டிக்கொண்டிருக்கிறோமா என்பதே கேள்வி.

அதே 2001-இல், சனவரி 26 குடியரசு நாளன்று குஜராத்தின் புஜ் பகுதியில் நேர்ந்த 7.7 அளவு நிலநடுக்கம் இன்னொரு பாடத்தையும் தந்தது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவிலிருந்த அகமதாபாத்தில், அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்து மக்கள் இறந்தார்கள். ஆனால் கட்ச் பகுதியில், வட்டவடிவ மண்சுவரும் லேசான கூம்புக் கூரையும் கொண்ட 'பூங்கா' என்னும் பழங்குடிசைகள் பல நிலைத்து நின்றன. பாலைவனத்து வெயிலுக்கும் ஏற்றவை, நடுக்கத்துக்கும் ஏற்றவை! இரண்டையும் சேர்த்துக் காக்கும் வீடு கற்பனையல்ல என்பதற்கு அந்த எளிய குடிசைகள் சாட்சி.

எந்த ஊர்ப் பசுமை?

பசுமைக் கட்டடம் என்ற எண்ணம் நம் நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 2003-இல் ஐதராபாத்திலுள்ள ஒரு கட்டடம் அமெரிக்காவின் 'லீட்' மதிப்பீட்டில் பிளாட்டினம் தகுதியைப் பெற்றது. மறு ஆண்டு அன்றைய குடியரசுத்தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். பிறகு 'கிரிகா' என்னும் இந்திய மதிப்பீட்டு முறை வந்தது. 2007-இல் நடுவண் அரசு எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகளை வெளியிட்டது. அவை 2017-இல் திருத்தப்பட்டன. குடியிருப்புகளுக்கென 'எகோ நிவாஸ் சம்ஹிதா' 2018 டிசம்பரில் வந்தது.

இவற்றிற்கெல்லாம் அடிப்படையான 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. கட்டட விதிகளை அந்தந்தப் பகுதியின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள மாநிலங்களுக்கு 15-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதாவது, மேலிருந்து வரும் விதியை அப்படியே போர்த்திக்கொள்ளச் சட்டமே சொல்லவில்லை; உள்ளூருக்கு ஏற்பத் தைத்துக்கொள்ளச் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலும் 180-ஆம் பத்தியில் இக்கருத்தையே வலியுறுத்துகிறது: எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே தீர்வு இல்லை, ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கே உரிய சிக்கல்களும் எல்லைகளும் உண்டு.

நடைமுறையில் நாம் காண்பது என்ன? குளிர்நாட்டில் சூரிய ஒளியை உள்ளே இழுக்க வைத்த கண்ணாடி முகப்புகளை நம் பெருநகரச் சாலைகளில் வரிசையாகக் காண்கிறோம். உள்ளே வந்த வெயிலை வெளியே தள்ளப் பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓடுகிறது. இது கடன் வாங்கிய பசுமை.

தமிழ்நாட்டுக்குள்ளேகூட ஒரே விதி போதாது. கடற்கரையில் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தது. அங்கே வீட்டைக் குளிர்விப்பது காற்றும் நிழலும். உள்நாட்டில் வேலூர், திருச்சி போன்ற இடங்களில் வறண்ட வெயில். அங்கே சற்றுத் தடித்த சுவர் பகலில் உதவும். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிர். அங்கே வெயிலை உள்ளே வரவேற்க வேண்டும், மலைச்சரிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடுகளோடு மண்ணின் தன்மையையும் நிலநடுக்க மண்டலத்தையும் சேர்த்துப் படிப்பதுதான் உண்மையான உள்ளூர் விதி. பசுமைச் சான்றிதழ்கள் பெரும்பாலும் மின்சாரத்தையும் தண்ணீரையும் பொருள்களையும் அளக்கின்றன. கட்டடம் நிற்குமா என்பதை வேறு விதிகளின் வேலை என்று விட்டுவிடுகின்றன. ஆனால் விழுந்த கட்டடத்தை மறுபடி கட்ட வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட்டினால் வருகிறது. இருமுறை கட்டப்படும் வீடு எப்படிப் பசுமையாகும்?

சன்னலும் சுவரும்

இரண்டு விதிகளும் நேருக்கு நேர் மோதுவதுபோல் தோன்றும் ஓர் இடத்தைப் பார்ப்போம்.

எகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த பகுதிகளில் வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய சன்னலும் கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்கு 10 சதவீதமும் குளிர்ப் பகுதிக்கு 8.33 சதவீதமும் போதும். நம் கடற்கரைக்கு மிகுதியான காற்று வேண்டும் என்பதை விதியே உணர்ந்திருக்கிறது.

நிலநடுக்க விதி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. செங்கல் சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது என்றால், ஒரு சுவரின் நீளத்தில் ஏறத்தாழ பாதிக்கு மேல் வாசலும் சன்னலுமாக ஓட்டை போடக் கூடாது. மாடி ஏற ஏற இந்த அளவு இன்னும் குறைய வேண்டும். சுவரின் மூலையை ஒட்டித் திறப்பு வைக்கவே கூடாது.

அப்படியானால் காற்றா, பாதுகாப்பா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம் கொண்ட ஓர் அறையின் பரப்பு 120 சதுர அடி. அதில் ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. நான்கடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள இரண்டு சன்னல்களை இரண்டு சுவர்களில் வைத்தால் அந்த 20 சதுர அடி கிடைத்துவிடும். 12 அடிச் சுவரில் மூன்றில் ஒரு பங்கும், 10 அடிச் சுவரில் ஐந்தில் இரண்டு பங்கும்தான் திறப்பு. நிலநடுக்க விதியும் மனநிறைவடையும். இரண்டு பக்கமும் சன்னல் இருப்பதால் காற்று ஒருவழியாய் வந்து மறுவழியாய்ப் போகும். எல்லாச் சன்னலையும் ஒரே சுவரில் அடைத்து, நாகரிகம் என்று ஸ்லைடிங் கதவு போட்டால்தான் சிக்கல். ஸ்லைடிங் சன்னல் பாதிதான் திறக்கும், அதே காற்றுக்கு இருமடங்கு ஓட்டை வேண்டும், சுவர் பலவீனமாகும்.

சன்னல்களுக்கு மேலே வீடு முழுவதையும் சுற்றி ஓடும் லிண்டல் பட்டை, அரைஞாண் போலச் சுவர்களை ஒன்றாகக் கட்டிவைக்கும். அதே பட்டையிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடு வெயிலையும் மழையையும் தடுக்கும். ஒரே வேலை, இரண்டு காவல். விதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அவை பகைவர்கள் அல்ல என்பது புரியும்.

தலைக்கு மேல் பாரம்

நிலநடுக்கத்தின் விசை கட்டடத்தின் எடைக்கு ஏற்பக் கூடும். எடை உயரத்தில் இருந்தால் ஆபத்து இன்னும் மிகும். நம் மாடிகளைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் ஒரு டன். மாடித்தோட்டத்துக்காக ஓரடி உயரத்துக்கு மண் கொட்டினால், நனைந்த நிலையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரை டன். வெயிலுக்காகத் தளத்தின்மேல் மீண்டும் மீண்டும் போடும் ஜல்லியும் தளவோடும் தனி. எல்லாம் பசுமையின் பெயரால், குளிர்ச்சியின் பெயரால் ஏறுகின்றன. கீழே உள்ள தூண் அதே பழைய தூண்தான்.

இதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே வேதனையான எடுத்துக்காட்டு உண்டு. 1997 செப்டம்பர் 26-இல் இத்தாலியின் அசிசி நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. புனித பிரான்சிஸ் பேராலயத்தின் சேதத்தைப் பார்வையிடச் சிலர் உள்ளே சென்றிருந்த வேளையில் இரண்டாவது நடுக்கம் வந்து, வளைவுக்கூரையின் பகுதிகள் இடிந்து விழுந்தன. துறவியர் இருவரும் வல்லுநர் இருவரும் இறந்தார்கள். நூற்றாண்டுகளாக ஓடு மாற்றும்போதெல்லாம் வளைவின் மேற்புறத்தில் விட்டுவைத்த உடைசல்களின் பாரமும் அந்த இடிவுக்கு ஒரு காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. சுற்றுச்சூழலின் பாதுகாவலர் என்று 1979-இல் அறிவிக்கப்பட்ட புனிதரின் ஆலயத்திலேயே, யாரும் கவனிக்காமல் தலைக்கு மேல் சேர்ந்த பாரம் உயிர்களைப் பறித்தது.

நல்ல செய்தி என்னவென்றால், கடற்கரைத் தட்பவெப்பம் கேட்பதும் நிலநடுக்கம் கேட்பதும் இங்கே ஒன்றுதான்: லேசான கட்டடம். காற்றறை கொண்ட இலகுக் கற்கள் சுவரின் எடையையும் குறைக்கின்றன, சூட்டையும் தடுக்கின்றன. கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறி' கட்டுமுறையில் செங்கற்களை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விடுகிறார்கள். ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளே வெக்கை குறைவு. அந்த வெற்றிடத்திலேயே கம்பி இறக்கிக் காங்கிரீட் நிரப்பி நடுக்கத்துக்கும் வலுவூட்டலாம். தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதற்கு எடையே இல்லை. ஆனால் லேசான கூரை காற்றில் பறக்கவும் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் எத்தனை கூரைகளைத் தூக்கி எறிந்தது என்பதை நாம் மறக்கவில்லை. லேசாக இருக்க வேண்டும், ஆனால் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

தூண்கள்மேல் நிற்கும் வீடுகள்

அகமதாபாத்தில் சரிந்த கட்டடங்கள் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்கள். அங்கே வண்டி நிறுத்தம். மேலே சுவர்கள் நிறைந்த மாடிகள். நடுக்கத்தில் மேற்பகுதி ஒரே கட்டியாக ஆட, கீழே தூண்கள் மட்டும் ஒடிந்தன.

சென்னையிலும் பிற நகரங்களிலும் இன்று அடுக்குமாடி என்றாலே இந்த அமைப்புதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டைத் தூண்மேல் தூக்கிக் கட்டினால் தண்ணீர் கீழே போய்விடும் என்ற எண்ணமும் வலுத்தது. வெள்ளத்துக்கு அது நல்ல விடைதான். நடுக்கத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2002-ஆம் ஆண்டு நிலநடுக்க விதி, இத்தகைய திறந்த தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016 திருத்தம் அங்கே காங்கிரீட் சுவர்களோ குறுக்குத் தாங்கிகளோ வேண்டும் என்றது. வீடு வாங்கும்போது சமையலறைக் கிரானைட்டைத் தடவிப் பார்க்கும் நாம், கீழ்த்தளத் தூண்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறோமா?

விதி எட்டாத வீடு

இதுவரை சொன்ன பசுமை விதிகள் யாருக்கு? வணிகக் கட்டடங்களுக்கான விதி 100 கிலோவாட் மின்பளு கொண்டவற்றைக் குறிவைத்தது. குடியிருப்பு விதி 2018-இல் வந்தபோது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே பொருந்தியது. நம் அன்பியங்களில் இருக்கும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அப்படிப்பட்ட மனை உண்டு? இரண்டு சென்ட், மூன்று சென்ட் இடத்தில், நகையை அடகு வைத்து, மேஸ்திரியின் வாய்க்கணக்கை நம்பிக் கட்டுகிறவர்களே மிகுதி. வெக்கையும் அவர்களுக்கே அதிகம், இடிந்தால் இழப்பும் அவர்களுக்கே அதிகம். விதியோ அவர்கள் தெருவுக்குள் நுழைவதில்லை.

இதற்கு நேபாளம் ஒரு வழி காட்டியது. 1988 நிலநடுக்கத்துக்குப் பின் அந்நாடு உருவாக்கிய 1994-ஆம் ஆண்டு கட்டட விதிகளில், பொறியாளர் இல்லாமல் கட்டும் சிறு வீடுகளுக்கென்றே எளிய அளவுகள் தரப்பட்டன. தூண் எவ்வளவு, கம்பி எத்தனை, சன்னல் எங்கே என்று கொத்தனாரே பார்த்துச் செய்யும்படி வரைபடங்களோடு அமைந்த விதிகள் அவை. ஆனால் பல ஊர்களில் அவை ஏட்டளவில் நின்றன. 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவு நிலநடுக்கம் வந்து ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். ஆயினும் காத்மாண்டு பள்ளத்தாக்கில் முன்கூட்டியே வலுவூட்டப்பட்டிருந்த பள்ளிக் கட்டடங்கள் இடியாமல் நின்றன. அன்று சனிக்கிழமை, பள்ளிகளுக்கு விடுமுறை. வேறொரு நாளாக இருந்திருந்தால், வலுவூட்டிய பள்ளிக்கும் வலுவூட்டாத பள்ளிக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளின் உயிராக இருந்திருக்கும்.

துருக்கியின் பாடம் இன்னும் கசப்பானது. அங்கே நல்ல விதிகள் இருந்தன. ஆனால் 2018-இல் விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. 2023 பிப்ரவரி 6-இல் நிலம் அதிர்ந்தபோது துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இஸ்கெந்தெருன் நகரிலிருந்த கத்தோலிக்கப் பேராலயமும் இடிந்தது. நம் மாநிலத்திலும் விதிமீறிய கட்டடங்களைக் கட்டணத்தோடு வரன்முறைப்படுத்தும் திட்டங்கள் வந்துபோகின்றன. கட்டணச் சீட்டு ஆவணத்தைச் சரிசெய்யும், தூணைச் சரிசெய்யாது.

நம் பங்குகளில்

ஊரிலேயே அதிகம் கட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம். ஆலயம், பள்ளி, மருத்துவமனை, கன்னியர் இல்லம், திருமண மண்டபம் என ஒவ்வொரு பங்கிலும் ஏதோ ஒரு கட்டட வேலை நடந்துகொண்டேயிருக்கிறது. எனவே மாற்றத்தை அரசிடம் மட்டும் கேட்காமல் நம்மிடமிருந்தே தொடங்கலாம்.

பழைய பள்ளிக் கட்டடத்தின்மேல் இன்னொரு மாடி எழுப்புமுன், கீழே உள்ள அடித்தளமும் தூணும் தாங்குமா என்று தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்போம். சூரிய மின்தகடோ மாடித்தோட்டமோ வைக்குமுன் அதன் எடையையும் காற்று விசையையும் கணக்கிடச் சொல்வோம். வகுப்பறைகளில் எதிரெதிர்ச் சன்னல், வெண்கூரை, வெளியே நிழல் மரம் ஆகியவை உள்ளனவா என்று பார்ப்போம். நூறாண்டு பழைய ஆலயத்தை இடிக்குமுன் அதை வலுவூட்ட முடியுமா என்று கேட்போம். அதன் உயர்ந்த கூரையும் தாழ்வாரமும் சொல்லித்தரும் குளிர்ச்சியைப் புதிய கட்டடம் கற்றுக்கொள்ளட்டும்.

நம் பங்குகளிலேயே கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் சித்தாள்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்த நம் தொழிற்பயிற்சிக் கூடங்களால் முடியும். தூணைச் சுற்றும் ரிங் கம்பியின் முனையை 90 பாகையில் விட்டுவிடாமல் 135 பாகைக்கு உள்நோக்கி வளைத்துவிட்டால், நடுக்கத்தில் அது பிரிந்துவராது. அதற்கு ஆகும் கூடுதல் செலவு விரல் நீளக் கம்பி. அறிவு கிடைத்தால் போதும். கைகள் நம்மிடம் இருக்கின்றன.

உள்ளாட்சி மன்றங்களிலும் கிராம சபைகளிலும் நாம் கேட்க வேண்டியது ஒன்று. பெரிய கட்டடங்களுக்கு மட்டுமல்ல, மூன்று சென்ட் வீட்டுக்கும் பொருந்தும்படி, கடற்கரைக்கு ஒன்று, உள்நாட்டுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என எளிய தமிழில், படங்களோடு, வெயில், வெள்ளம், புயல், நடுக்கம் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் சொல்லும் வழிகாட்டி வேண்டும். வீடு கட்ட அரசு மானியம் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது கையில் கிடைக்க வேண்டும்.

எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை லூக்கா நற்செய்தி குறிப்பிடுகிறது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ண வேண்டாம் என்று இயேசு அங்கே எச்சரித்தார். கட்டடம் விழுந்து மக்கள் மாளும்போது அதைக் கடவுளின் தண்டனை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. கில்லாரியின் மக்களோ அகமதாபாத்தின் மக்களோ குற்றவாளிகள் அல்லர். ஆனால் விவரம் தெரிந்த பிறகும் அதே போலக் கட்டுகிறவர்களுக்குப் பொறுப்பு உண்டு. கில்லாரி மக்களுக்குத் தெரியாமல் போனது. நமக்கு இப்போது தெரியும்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் கட்டட வரைபடம் மேசைமேல் விரிக்கப்படும்போது, எவ்வளவு செலவாகும், எப்போது முடியும் என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம். மே மாதப் பிற்பகலில் இதற்குள் ஒரு குழந்தை உட்கார்ந்து படிக்க முடியுமா? நிலம் நடுங்கினால் அந்தக் குழந்தை இதிலிருந்து உயிரோடு வெளியே வர முடியுமா?